போடிமெட்டு ஏறும் கேம்பர்: ஆளுக்கா, மூட்டைக்கா?

வீடு கம்பத்திலோ போடியிலோ இருக்கும். மூன்று, நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் கேரளப் பக்கம் வண்டன்மேட்டிலோ உடும்பன்சோலையிலோ இருக்கும். தேனி மாவட்டத்தில் இப்படி மலைக்கு மேலே ஒரு கால், கீழே ஒரு கால் என்று வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வண்டி வாங்கக் கிளம்பினால் கேட்கிற பட்டியல் எப்போதும் ஒன்றுதான். விடியுமுன் வேலைக்கு ஆள் ஏற்றணும், உரமூட்டை ஏற்றணும், திரும்பும்போது காய் கொண்டு வரணும், சித்திரையில் வீரபாண்டி திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகணும். எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி. அதுவும் பத்து லட்சத்தை ஒட்டி.

இந்தக் கேள்விக்கு இப்போது அடிக்கடி கிடைக்கும் பதில் மகிந்திரா பொலேரோ கேம்பர். முன்னால் ஐந்து பேர் உட்காரும் இரட்டை கேபின், பின்னால் சுமைக்குத் திறந்த பாடி. அதில் நான்கு சக்கரமும் இழுக்கும் ‘ஃபோர் வீல்’ மாடலும் உண்டு. தெரிந்தவர் ஒருவரிடம் அந்த மாடலை வாங்கி, காலியாகவும் சுமையோடும் போடிமெட்டு ஏற்றிப் பார்த்தேன்.

முதலில் எஞ்சின். 2.5 லிட்டர் டீசல், 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க். சென்னைப் பக்கம் கார் ஓட்டுகிறவர்கள் 75 என்ற எண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். மலையில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. இழுவை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடுகிறது. முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தால் போதும். மூட்டைகளோடு தட்டுத் தடுமாறாமல் ஏறுகிறது. எதிரே லாரி வந்து வளைவுக்கு முன்னால் நிறுத்த வேண்டியிருந்தபோதும் கிளட்சை நாறவிடாமல் முதல் கியரில் நகர முடிந்தது. மலையில் ஒரு வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஓடிக்கொண்டே ஏறுவது எந்த வண்டிக்கும் சுலபம், நின்று ஏறுவதில்தான் வண்டியின் யோக்கியதை தெரியும்.

வளைவுகளில்தான் கொஞ்சம் பெருமூச்சு வந்தது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பொலேரோ நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டி, கேம்பரோ ஐந்து மீட்டரை எட்டிப் பிடிக்கிறது. கூடுதலான அந்த நீளம் முழுக்க வளைவில் உங்கள் கையில்தான் தெரியும். இன்று தேசிய நெடுஞ்சாலை 85 அகலமாக இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. அந்த நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதைக்குள் நுழைந்தால், பழைய ஜீப் ஒரே மூச்சில் திரும்பும் முனையில் கேம்பரை ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் சரிவு, பின்னால் பார்க்க ஆளில்லை என்றால் அந்த ஒரு ரிவர்ஸ் லேசான விஷயம் இல்லை.

மழைக்காலத் தோட்டப் பாதையில் ஃபோர் வீல் காசுக்கு வேலை செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஏலமலை நனைந்துகொண்டே இருக்கும். ஜீப்புகள் ஓடி ஓடிப் பள்ளமான இரண்டு தடம், நடுவே புல் மேடு, தடத்துக்குள் சோப்பு மாதிரி வழுக்கும் செம்மண். பின்சக்கரம் மட்டும் இழுத்தபோது வண்டி இருந்த இடத்திலேயே சுற்றியது. முன்சக்கரத்தையும் சேர்த்ததும் மெதுவாக, ஒரு சக்கரம் பிடிக்க இன்னொன்று வழுக்க, ஏறி வந்துவிட்டது. இறங்கும்போது ஓட்டுநர்கள் பழைய பாடத்தையே சொல்கிறார்கள்: “ஏறுன கியர்லயே எறங்குண்ணே, பிரேக்க நம்பாத.” அந்தப் பாடம் இந்த வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

காலியாக வரும்போது பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் உலுக்கி எடுக்கும். பிக்கப் வகை வண்டிகள் எல்லாமே அப்படித்தான். பின்னால் ஐந்தாறு மூட்டை கிடந்தால் அடங்கிவிடும். கம்பெனி சொல்லும் மைலேஜை முந்தலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

இனி சுமை. ஏலத்தோட்டத்தின் கணக்கு வெளியூர்க்காரர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். கனமானது எல்லாம் மேலே போகிறது: உரம், வேப்பம் புண்ணாக்கு, சாணம், மருந்து டிரம், மோட்டார், டீசல். கீழே வருவது லேசானது. பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் எடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். போடிக்கு ஏலத்துக்கு வரும் காய் எடைக்குப் பணமே தவிர வண்டிக்குப் பாரமில்லை. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்ட சரக்கு அது. ஆக வண்டியின் முதுகு ஒடிவது ஏறும் பக்கத்தில்தான். அதற்குக் கேம்பரின் ஒரு டன் தாராளம். காயைக் கேபினுக்குள்ளேயே பூட்டி எடுத்து வரலாம் என்பது கூடுதல் வசதி. திறந்த பாடியில் தார்பாய் போட்டு ஏலக்காய் கொண்டுவரும் மனசு யாருக்கு இருக்கிறது?

இதுவரை எல்லாம் சரி. பட்டியலின் முதல் வரிக்கு வருவோம்: ஆள்.

விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி தெருமுனைகளில் தூக்குவாளியோடு நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய் எடுக்கப் போவது ஐந்து பேர் அல்ல. சின்னத் தோட்டத்துக்கே ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். கேம்பரில் ஓட்டுநர் போக நான்கு பேருக்குத்தான் சட்டப்படி இடம். மிச்சம் பேரைப் பின்னால் பாடியில் ஏற்றிவிடலாம் என்று விற்பவர் கண் சிமிட்டுவார். சரக்குப் பாடியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அசம்பாவிதம் நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்குக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், ஒரு கொண்டை ஊசியில் பிடிமானமில்லாத தகரத்தில் உட்கார்ந்து வருகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். என் கணக்கில் கேம்பர் தோற்கும் இடம் இதுதான். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, இரண்டு வேலைக்குமானது என்று சொல்லி விற்கப்படுவதுதான் குறை.

பல வேலைக்கு ஒரே வண்டி என்ற ஆசை தோட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. சின்ன நாடுகளின் கடற்படைகளுக்கும் அதே ஆசைதான். நியூசிலாந்து 2007இல் ‘கேன்டர்பரி’ என்ற கப்பலைப் படையில் சேர்த்தது. படைவீரர்களை ஏற்ற வேண்டும், கவச வண்டிகளை இறக்க வேண்டும், ஹெலிகாப்டர் நிற்க வேண்டும், புயல் வந்தால் நிவாரணம் கொண்டுபோக வேண்டும், ரோந்தும் பார்க்க வேண்டும். செலவைச் சுருக்க, கார்களையும் பயணிகளையும் ஏற்றும் வணிகப் படகு ஒன்றின் வடிவத்தை அடிப்படையாக எடுத்துக் கட்டினார்கள். அந்த உடம்பு கடுமையான கடலில் ஆட்டம் கண்டது. சேர்ந்த வருடமே பெரிய அலையில் பக்கவாட்டில் இருந்த சிறு படகைக் கடல் கொண்டுபோனது. அதே வருடம் அக்டோபரில், கப்பலிலிருந்து இறக்கிய படகு கவிழ்ந்து மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பிறகு தனி விசாரணை நடந்தது, படகுகள் இருக்கும் இடத்தையே மாற்றி அமைத்தார்கள். கப்பல் இன்று நிவாரணப் பணிகளில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. சுமைக்கு நல்லதாக இருந்த உடம்பை, மனிதர்கள் ஆபத்தில் இருக்கும் வேலைக்கும் அப்படியே ஒப்புக்கொண்டதில்தான் பிசகு.

நம் மலையிலேயே எதிர்த்திசை உதாரணம் ஒன்று உண்டு. மூணாறு தேயிலையைக் கீழே கொண்டுவர வெள்ளைக்காரர்கள் ஒரே வாகனத்தை நம்பவில்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே, அதற்குக் கீழே போடிக்கு வண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. 1924 வெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போனது வேறு கதை.

அப்படியானால் மலையில் இன்றும் விடாமல் ஓடும் பழைய கமாண்டர் ஜீப்? பின்னால் எதிரெதிரே இரண்டு நீள சீட், சீட்டுக்கு நடுவே மூட்டை, எந்த முனையிலும் திரும்பும் உடம்பு, எந்தப் பட்டறையிலும் கிடைக்கும் சாமான். உண்மையான பல வேலை வண்டி அதுதான். ஆனால் இன்று அது கிழம். சீட் பெல்ட் இல்லாத, கணக்கில்லாமல் ஆள் திணிக்கிற அந்தப் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. ஆளுக்கென்றால் ஃபோர்ஸ் டிராக்ஸ் குரூசர் இருக்கிறது. 12 பேர் வரை உட்காரும் மாடல் உண்டு. மஞ்சள் போர்டோடு, இரு மாநில பெர்மிட்டும் வரியும் சரியாகக் கட்டி ஓட்டுகிறவரிடம் மாத வாடகை பேசிக்கொள்ளலாம். வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் இரண்டு பக்கத்து ஆர்டிஓவுக்கும் பயந்துகொண்டேதான் கம்பம்மெட்டு ஏற வேண்டும்.

பள்ளத்தாக்கிலேயே பிழைப்பு உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையோடு கம்பம் சந்தைக்கு டப்பா டப்பாவாகப் பழம் அனுப்புகிறவருக்கு ஃபோர் வீல் எதற்கு? ஒற்றைக் கேபின் பிக்கப் போதும். தோட்டம் சின்னதென்றால் குட்டி யானையே போதும்.

என் தீர்ப்பு இது. மேலே தோட்டம், செம்மண் பாதை, உரம் ஏற்றுவது வாராவாரம், வேலையாட்களுக்குத் தனி வண்டி என்றால் கேம்பர் ஃபோர் வீல் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். தார் ரோடு தோட்ட வாசல் வரை வந்துவிட்டதென்றால் ஃபோர் வீலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். ஆள் ஏற்றத்தான் முக்கியமாக வண்டி வேண்டும் என்றால் கேம்பர் பக்கமே போகாதீர்கள். சரக்கு வண்டியாகப் பதிவாகுமா, சொந்த வண்டியாகவா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள். பத்து மூட்டை ஏற்றி டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். போடிமெட்டு வரை விட மறுத்தால், முந்தலைத் தாண்டி முதல் சில வளைவுகளையாவது ஏறி, நடுவில் ஒருமுறை நிறுத்தி எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.