பாழாக்கப்படும் மணவுடை: திருமணத்திற்குப் பிந்தைய ஒளிப்படங்களில் ஒரு பழைய படிமம்

வெள்ளை மணவுடை அணிந்த பெண் ஒருத்தி கடலலைக்குள் நடக்கிறாள், சேற்றில் அமர்கிறாள், கைவிடப்பட்ட தொழிற்சாலையின் துருவேறிய படிகளில் சாய்கிறாள். திருமணம் முடிந்து சில நாள்களோ வாரங்களோ சென்றபின் அதே உடையை மீண்டும் அணிந்து, அது நனையவும் கறைபடவும் சில வேளைகளில் கிழியவும் இடந்தந்து எடுக்கப்படும் இத்தகைய படங்கள் அமெரிக்காவில் 'டிரேஷ் தி டிரெஸ்', அதாவது 'உடையைப் பாழாக்கு', என்னும் பெயரால் அறியப்படுகின்றன. லாஸ் வேகஸ் நகரத் திருமண ஒளிப்படக் கலைஞர் ஜான் மைக்கேல் கூப்பர் 2001ஆம் ஆண்டளவில் இதனைத் தொடங்கிவைத்தார் என்பது பரவலான கூற்று.

இப்படங்களை மரபுக்கு எதிரான விடுதலைச் செயலாகக் காண்பது வழக்கம். அதில் உண்மை இல்லாமலில்லை. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா அரசி வெள்ளைப் பட்டணிந்து மணம்புரிந்தார். வெள்ளை மணவுடை அதற்கு முன்பும் இருந்ததே; எனினும் அது மேலைநாடுகளில் நிலைபெற அத்திருமணம் முதன்மைக் காரணமாகச் சுட்டப்படுகிறது. காலப்போக்கில் அவ்வுடை ஒருநாள் அணிந்து, பின் பெட்டிக்குள் பேணப்படும் பொருளாயிற்று. (விக்டோரியாவோ தம் மணநாள் லேஸைப் பிற்காலத்திலும் அணிந்துவந்தவர்.) உறவினர் பார்வையும் சடங்கின் நேரக்கட்டுப்பாடும் நீங்கிய மற்றொரு நாளில், 'இனி இதைக் காக்க வேண்டியதில்லை' என ஒரு பெண் முடிவெடுப்பது சிறு செயலன்று.

ஆயினும் படத்தின் ஆற்றல் எங்கிருந்து பிறக்கிறது என்பது வினாவுக்குரியது. நாள்தோறும் உடுத்தும் பருத்தியுடையில் சேறு படிந்தால் அது படமாவதில்லை. தூய்மை என்னும் பொருள் உடையில் முன்பே ஏற்றப்பட்டிருப்பதால்தான் கறை கண்ணைப் பறிக்கிறது. மறுக்கப்படும் மதிப்பையே இப்படம் முதலாகக் கொண்டு இயங்குகிறது. பெட்டியிலிருந்த உடையின் இடத்தில் இப்போது ஒளிப்படம் அமர்கிறது. பேணுதல் தொடர்கிறது, பேணப்படும் பொருளே மாறுகிறது.

தமிழ்ச் சூழலோடு ஒப்பிடின் இது தெளிவுறும். கூறைப்புடவை மணநாளோடு முடிந்துபோவதன்று. நல்ல நாள்களில் மீண்டும் உடுத்தப்படுவது. முடிந்துவிட்டதென அறிவிக்க அதில் எதுவுமில்லை. நம் கடற்கரைகளில் எடுக்கப்படும் வெளிப்புறப் படங்களுக்கு நீள் கவுன்களை வாடகைக்குப் பெறும் வழக்கமும் உண்டு. வாடகை உடையைப் பாழாக்குவதால் இழப்பீடு தர நேருமேயன்றிக் குறியீடு எதுவும் பிறவாது.

இவ்வகைப் படங்களுள் மிகுதியும் போற்றப்படுவன நீர்ப்படங்கள். மணப்பெண் மல்லாந்து மிதக்கிறாள், உடை விரிகிறது, கண்கள் பாதி மூடியிருக்கின்றன. இக்காட்சியை ஒளிப்படக் கலைஞர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜான் எவரெட் மில்லே 1851-52இல் தீட்டிய 'ஒஃபீலியா' ஓவியத்தின் அமைப்பே இதில் மீள்கிறது. அவ்வோவியத்திற்காக எலிசபெத் சிடல் பழைய பூவேலை உடையொன்றை அணிந்து, நீர் நிரம்பிய குளியல் தொட்டியில் கிடந்தார். அடியில் நீரைச் சூடேற்ற வைத்திருந்த விளக்குகள் அணைந்தன, ஓவியர் கவனிக்கவில்லை, சிடல் நோயுற்றார். ஓவியத்தில் அந்தக் குளிர் இல்லை. சாகும் பெண்ணின் அழகு மட்டுமே எஞ்சியது. விடுதலையைச் சொல்ல வந்த படம் இப்படிமத்தைக் கடன்வாங்குவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பார்வையாளர் காண்பது அதையே.

ஷேக்ஸ்பியரின் நாடகத்திலோ எடை மறக்கப்படவில்லை. ஒஃபீலியாவின் உடை முதலில் அவளைத் தாங்கியதாகவும், பின்னர் நீரை உறிஞ்சிக் கனத்துக் கீழே இழுத்ததாகவும் அரசி கெர்ட்ரூட் கூறுகிறாள். மில்லே முதல் நொடியை எடுத்துக்கொண்டார், அடுத்ததை விட்டார். ஒளிப்படங்களும் அவ்வாறே. 2012 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், இத்தகைய படப்பிடிப்பின்போது அண்மையில் மணமான பெண்ணொருவர் ஆற்றில் மூழ்கி இறந்தார். நனைந்து கனத்த உடையே அவரை நீருக்குள் இழுத்தது. இதனை விபத்தென்று மட்டும் கூறி ஒதுக்குதல் திறனாய்வுக்குப் போதாது. பல அடுக்குத் துணியை எடையற்றதாகக் காட்டுவதே இப்படங்களின் அழகியல் விதி. துணியோ அவ்விதிக்கு உட்படுவதில்லை.

எனவே இவற்றை மதிப்பிடும் அளவுகோலாக உடை எவ்வளவு கெட்டது என்பதைக் கொள்ள இயலாது; படத்தில் பெண் என்ன செய்கிறாள் என்பதையே கொள்ள வேண்டும். குப்பைமேட்டில் அசையாது நிறுத்தப்பட்ட மணப்பெண், பளபளக்கும் இதழொன்றின் ஆடை விளம்பரத்தைவிட ஓரடியும் முன்செல்லவில்லை. பின்னணி மாறியிருக்கிறது, அவ்வளவே. மாறாக, வயலில் விழுந்து எழுந்து சிரிப்பவளும், கணவன்மீது வண்ணம் வாரி இறைப்பவளும் உடையை மறந்திருக்கிறார்கள். அங்கே கறை ஒரு செயலின் தடம். கடற்படங்களிலும் அத்தகையன உண்டு: ஈரமேறிய பாவாடையை இரு கைகளாலும் முழங்கால்வரை அள்ளிப் பிடித்து, தலை கலைந்து, மூச்சுவாங்கக் கரையேறும் பெண். அவள் முன்கையில் புடைத்து நிற்கும் நரம்பில் துணியின் எடை தெரிகிறது.