61 நாள் ஓய்வு யாருக்கு?

சித்திரை பிறந்த கையோடு தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கட்டப்பட்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளைக்கு, திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரியின் கிழக்குப் பக்கம் வரை அவை கடலுக்குள் போகக் கூடாது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை 2017இல் 61 நாளானது. மீன்கள் சினைபிடித்துக் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசு காரணம் சொல்கிறது. எதிர்க்கரையில், நெடுந்தீவிலோ பேசாலையிலோ அப்படியொரு தேதி கிடையாது. இலங்கை வேறு வழியில் போனது. அப்போதைய யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை ஏற்று, 2017 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் இழுவைமடியையே ஆண்டு முழுவதற்கும் தடைசெய்தது. நடுவில் இருப்பது ஒரே கடல், பெரும்பாலும் 15 மீட்டர்கூட ஆழமில்லாத பாக்கு விரிகுடா. ஒரு கரை தேதிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, மறுகரை கருவிக்கு. இந்தக் கடலைப் பொறுத்தவரை பூட்ட வேண்டியது கருவியைத்தான். அதற்கான வலுவான சாட்சியை ஆண்டுதோறும் தருவது, வேடிக்கையாக, தமிழ்நாட்டின் 61 நாள் தடையே.

தேதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை முதலில் குளங்களில் பார்த்துவிடலாம். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் காத்திருந்தவர்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கெண்டை, விரால், கெளுத்தி, ஜிலேபி என்று அகப்பட்டதெல்லாம் அவரவர் வீட்டுக் குழம்புக்கு. அன்று விற்பனை இருக்காது. ஒரே காலையில் கண்மாயைத் துடைத்தெடுப்பது கொள்ளையாகத் தெரியலாம். ஆனால் விட்டுவைத்தாலும் சில வாரத்தில் அந்த மீன் சேற்றில் சாகும். அடுத்த மழையில் வரத்துக்கால் வழியாகவும், குத்தகைக்காரர் விடும் குஞ்சுகளாலும் கண்மாய் மறுபடி நிறையும். இலங்கையின் பெரிய நீர்ப்பாசனக் குளங்களோ முழுக்க வற்றுவதில்லை. அங்கே பிடிபடுவதில் பெரும்பங்கு 1952இல் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியாவின் வழிவந்தது. அது ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும் மீன். அதற்கு எந்த மாதத்தை ஒதுக்குவது? ஆகவே மாதத்தை விட்டுவிட்டு வலைக்கண்ணிக்கு விதி போட்டார்கள்: செவுள்வலையின் கண்ணி 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சின்ன மீன் நழுவிப் போய்விடும். இரண்டு ஏற்பாடுகளும் தத்தம் தண்ணீருக்குப் பொருந்துகின்றன. கண்மாயில் கெடு வைப்பது வெயில். குளத்தில் ஆபத்து, சிறுகண்ணி வலையில்.

கடலுக்கு வந்தால் இந்தத் தெளிவு தமிழ்நாட்டுக் கரையில் காணாமல் போகிறது. வெப்பமண்டலக் கடலில் ஒரே பருவத்தில் எல்லா மீனும் சினைபிடிப்பதில்லை. காரலுக்கு ஒரு காலம், சாளைக்கு ஒரு காலம். நண்டும் இறாலும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் முட்டையிடும். இரண்டு மாதத்தைப் பொறுக்கி இதுதான் இனப்பெருக்கக் காலம் என்று சொல்வது அரைகுறை உண்மை. கன்னியாகுமரி மாவட்டத்தைப் பார்த்தாலே இது புரியும். சின்னமுட்டத்துப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அதே மாவட்டத்தில் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முனையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும் மீன் தன் பேறுகாலத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மேற்குக் கரைத் தடையாவது கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவத்தோடு சேர்ந்து வருகிறது; படகுக்கும் ஆளுக்கும் அது பாதுகாப்பு. கிழக்கில் தடை விழுவதோ கடல் அடங்கிக் கிடக்கும் நாட்களில்.

ஆபத்து இருப்பது மடியில். மடியின் வாயை விரித்துப் பிடிக்க இரு பக்கமும் கனத்த பலகைகள், அடிக்கயிற்றில் சங்கிலி. படகு இழுக்க இழுக்க அது தரையை உரசிக்கொண்டு போகும். ஆழம் குறைந்த பாக்கு விரிகுடாவில் அந்தத் தரையில்தான் கடற்புல்லும் கடற்பாசியும் இருக்கின்றன, குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அங்கேயே. கரைக்கு வந்து தட்டில் கொட்டினால் முதலில் இறாலைப் பொறுக்குவார்கள், பிறகு நண்டு, கணவாய், விலைபோகும் மீன். மீதிக் குவியல் சங்காயம். விரல் நீளம்கூட இல்லாத காரலும் பெயர் தெரியாத குஞ்சுகளுமாக அது கிலோக் கணக்கில் கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகிறது. சங்காயம் ஏப்ரலில் மட்டும் விழுவதில்லை, பத்து மாதமும் விழுகிறது. வளர்ந்திருந்தால் பத்து மடங்கு விலைக்குப் போயிருக்கக்கூடிய மீனைத் தீவன விலைக்கு அள்ளும் தொழிலுக்கு இரண்டு மாத விடுமுறை தருவதைப் பாதுகாப்பு என்பது கொஞ்சம் தாராளமான சொல்.

அந்த இரண்டு மாதத்தில் நடப்பது என்ன? தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. பங்குனி கழிந்து சோளகக் காற்று முழுவீச்சில் அடிக்கத் தொடங்கும்வரை காற்றடங்கிய இடைவெளி ஒன்று உண்டு. செவுள்வலைக்காரருக்கும் நண்டுவலைக்காரருக்கும் அது நல்ல காலம். கடலும் அமைதி, இழுவைமடியும் இல்லை. பலன் எல்லைக்கு அப்பாலும் தெரிகிறது. மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி என மூன்று நாள் முறை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பலர் அந்த இரவுகளில் வலை விடுவதில்லை. மாலையில் மிதவை கட்டிப் பரப்பிவிட்டு வரும் வலையை, நள்ளிரவில் எல்லை தாண்டி வரும் ஓர் இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போய்விடலாம்; அது கடனில் வாங்கிய வலை. ஏப்ரல் 15க்குப் பிறகு அந்தப் பயம் விலகுகிறது. ஏழு இரவும் வலை விடலாம். இழுவைமடி ஏறக்குறைய இல்லாத பாக்கு விரிகுடா எப்படி இருக்கும் என்பதற்கு ஆண்டுதோறும் இரண்டு மாத ஒத்திகை நடக்கிறது. இரு கரையிலும் சிறுதொழில்காரர்கள் ஒரே கடலில் மோதலில்லாமல் பிழைக்கிறார்கள். மீனுக்கு ஓய்வு என்று போட்ட சட்டம் உண்மையில் ஓய்வு தந்திருப்பது வலைக்காரர்களுக்கு.

தடை முடிந்ததும் மீன்பாடு கூடுகிறதே, அது தடையின் வெற்றி இல்லையா என்று கேட்கலாம். கூடுவது உண்மை. ஜூன் நடுவில் கடலுக்குப் போய்த் திரும்பும் படகுகளில் இறாலும் கணவாயும் நிறைந்திருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதம் யாரும் அள்ளாததால் தேங்கி நின்றதும், அந்த இரண்டு மாதத்தில் கொஞ்சம் பருத்ததும் அதில் பெரும்பகுதி. ஆயிரக்கணக்கான படகுகள் ஒரே நாளில் இறங்கி அதைச் சில வாரத்தில் காலி செய்துவிடுகின்றன. சித்திரையில் பொரித்த குஞ்சு ஆனியில் பெரிய மீனாகி இருக்காது. தடையில் தப்பிய அந்தக் குஞ்சே தடை முடிந்த வாரம் சங்காயக் குவியலில் வந்து விழும். தடை வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. இருக்கும் நிலையில் அதை எடுத்துவிட்டால் கேடு இன்னும் பெரிதாகும்.

இரண்டாவது மறுப்பு கனமானது: இலங்கைச் சட்டம் காகிதத்தில்தானே இருக்கிறது? குருநகரிலும் பேசாலையிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் தொடர்ந்து ஓடின. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டம் பலமடங்கு உயர்த்தப்பட்டபோது தெரிந்த வேகம் சொந்தப் படகுகள் விஷயத்தில் தெரியவில்லை. தங்கூசி வலைக்குத் தடை உண்டு, அந்த வலையும் உண்டு. முல்லைத்தீவில் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதும் டைனமைட் வெடியும் ஓயாத முறைப்பாடுகள். தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து நாயாறு, கொக்கிளாய்க்கு வாடி அடிக்க வருவோருக்கும் உள்ளூராருக்கும் கரைவலைப் பாட்டுக்காக நடக்கும் பிணக்கும் தீரவில்லை. இத்தனையும் சரி. ஆனால் இவை சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் உள்ள குறைகள், சட்டம் குறிவைத்த இடம் தவறவில்லை. தேதி எங்கே பொருந்துமோ அங்கே இலங்கையும் தேதியைப் பயன்படுத்துகிறது. சிங்கி இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பிடிக்கத் தடை. சினை தெரியும் ஒரு தனி இனத்தை ஒரு பருவம் விட்டுவைக்கும் ஏற்பாடு அது. நூறு இனங்களை ஒன்றாக அள்ளும் மடிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

பிழைப்பு என்ன ஆகும் என்பது மூன்றாவது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தடைக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு வரும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆனது. 61 நாளுக்கு அது அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் காணாது. மடியை மொத்தமாக நிறுத்தினால் கூலிக்குப் போகும் மீனவரே முதலில் விழுவார். ஆனால் பாக்கு விரிகுடா இழுவைத் தொழிலின் பொருளாதாரம் ஏற்கெனவே எல்லை தாண்டுவதில்தான் நிற்கிறது. கரையோரக் கடலை 1983ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்படகுக்கு ஒதுக்கிவிட்டது. மீதியிருக்கும் இந்தியப் பரப்பு இத்தனை படகுக்குப் போதாது. 1974இல் இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோடு கிழிக்கப்பட்டதற்கு முன்பும் பின்பும் மீனவர் அங்கே போய்வந்தது உண்மைதான். போனது வலையோடு, இன்று போவது மடியோடு. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் எதிர்க்கரை மீனவர் கடலுக்கு இறங்க முடியாமல் கிடந்தபோது வளர்ந்த படகுக்கூட்டம் இது. 2017இல் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைத் தூண்டில் படகுகளாக மாற்றுவதாக ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் விலை, அதில் பெரும்பங்கு மானியம். மாறியவை கொஞ்சமே. ஓர் இரவு போய்க் காலையில் திரும்பும் தொழிலில் வளர்ந்தவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கச் சொன்னால், பணம் மட்டும் போதாது. வேறு வழிகள் உண்டு: படகை அரசே விலைகொடுத்து வாங்கி உடைப்பது, கூலிக்காரருக்குத் தனியாக இழப்பீடு, நாட்டுப்படகுக்குத் திரும்புவோருக்கு வலை. இவை அதிகச் செலவானவை, ஆனால் செய்யக்கூடியவை.

இரு நாடும் சேர்ந்து ஒரே 61 நாளைக் கடைப்பிடிக்கலாமே என்று தமிழகத்தில் அவ்வப்போது சொல்வதுண்டு. கேட்க நியாயமாக இருந்தாலும் யாழ்ப்பாணத்துச் சிறுவள்ளக்காரர் இதை மறுத்தால் அவர்மேல் குறைசொல்ல முடியாது. தமிழ்நாட்டிலேயே நாட்டுப்படகுக்கு இல்லாத தடையை எதிர்க்கரை நாட்டுப்படகுக்குப் போடச் சொல்வதாக அது முடியும். அவருக்குக் கிடைக்கும் நிம்மதியான இரண்டு மாதமும் போய், ஜூன் 15இலிருந்து பழையபடி மூன்று இரவு வலையைச் சுருட்டி வைத்திருக்க வேண்டியதுதான். சேர்ந்து செய்ய உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. இந்திய இழுவைமடி நின்றிருக்கும் அந்த 61 நாளில் இரு கரை ஆய்வாளர்களும் ஒரே முறையில் கடற்புல்லையும் குஞ்சு மீனையும் அளந்து, ஜூலையில் அதே இடங்களில் மறுபடி அளந்து வெளியிடலாம். 2016 நவம்பரில் தில்லியில் கூடிப் பேசியபோது, இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவரும் மாற்றத்தைப் பற்றி இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. விரைவில் என்பதற்கு அப்போது ஆண்டு எதுவும் குறிக்கவில்லை. கையில் அளவு இருந்தால் அதைக் குறிக்கச் சொல்லிக் கேட்கலாம்.