"அந்தக் கம்பெனி வண்டியே வேண்டாம்": ஒரு மறுபரிசீலனை

சங்ககிரியில் எங்க அண்ணன் போன மாதம் இரண்டாவது லாரிக்குக் கொட்டேஷன் வாங்கினார். நாலு வந்தது. விலை, பாரம், மைலேஜ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதலில் நின்றது, 2020 கடைசியில் வாங்கி நாங்கள் அவதிப்பட்ட அதே கம்பெனி வண்டி. "ஏன்டா தம்பி, மறுபடியும் அவனா?" என்றார். அந்தக் கம்பெனி வண்டியே வேண்டாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. எந்த ஆதாரத்தில் அப்படிச் சொன்னேன் என்று உட்கார்ந்து பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் நடந்ததைச் சொல்லிடறேன். வாங்கி ஏழாவது மாதம், சோலாப்பூர் தாண்டி மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் இழுவை போச்சு. லோடோடு மேடு ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் சென்சார் இல்லை. வர பதினொரு நாள் ஆச்சு. வண்டி நின்றது, டியூ நிற்கவில்லை. இரண்டு வருஷத்தில் இப்படி மூன்று தடவை.

இப்போது பழைய பில்களை எடுத்துப் பிரித்து வைத்தேன். பதினாலு ரிப்பேர் பில். அதில் பன்னிரண்டு சைலன்ஸர் பக்கத்து வேலை: சென்சார், யூரியா பம்ப், வடிகட்டி. எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச்சுக்கு ஒன்று. "வண்டியே சரியில்லை" என்று நான் சொன்னதற்கும் பில் சொல்வதற்கும் இவ்வளவு தூரம்.

காரணம் தேடினால் 2020 ஏப்ரல் 1-க்குப் போகணும். அன்றைக்கு நாடு முழுக்க பி.எஸ்.4-லிருந்து நேராக பி.எஸ்.6-க்குத் தாவினோம், நடுவில் 5 கிடையாது. கனரக டீசல் எஞ்சினுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.4-க்கு இறங்கியது. இதற்காகப் புகைப்பாதையிலேயே ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலை வைத்தார்கள். 32.5 சதவீத யூரியாக் கரைசலைச் சூடான புகையில் பீய்ச்சினால் அமோனியா உண்டாகும். அது நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். கரித்தூளுக்குத் தனியாக வடிகட்டி. அது சேர்ந்ததும் அதிக சூட்டில் எரித்துச் சுத்தம் பண்ணணும். இதில் ஏதாவது கோளாறு என்றால் எஞ்சின் இழுவையைக் குறைக்கணும் என்பதே விதி. சோலாப்பூரில் எங்களை நிறுத்தியது அந்த விதிதான். எந்தக் கம்பெனி வண்டியானாலும் அது உண்டு.

அடுத்தது நம்ம தப்பு. நெடுந்தூரம் ஓட வேண்டிய வண்டியை நாலு மாதம் குவாரி நடைக்கு விட்டோம். பத்து கிலோமீட்டர் போய், எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நின்றால் வடிகட்டி எரியுமளவு சூடேறாது. விலை குறைவு என்று லூஸ் யூரியாக் கரைசலும் ஊற்றினோம். வயலுக்குப் போடும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. இந்த அமைப்புக்குத் தேவை சுத்தமான டெக்னிக்கல் கிரேடு. நாங்கள் வாங்கிய கேனில் எது இருந்ததோ, பம்ப் அடைத்துக்கொண்டது.

அப்போ கம்பெனி மேல் தப்பே இல்லையா? இருக்கு. இந்த விஷயத்தில் முழுசாக ஆவணமான கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. இன்டர்நேஷனல் லாரிகளைச் செய்துவந்த நேவிஸ்டார் நிறுவனம், 2010 புகை விதிக்கு மற்ற பெரிய கம்பெனிகள் எல்லாம் யூரியா வழியில் போனபோது, "எங்க வண்டிக்கு யூரியாவே வேண்டாம்" என்று தனி வழியில் போனது. புகையையே திருப்பி எஞ்சினுக்குள் விட்டுச் சமாளிக்கலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின் வாங்கியவர்கள் அடிக்கடி ரோட்டில் நின்றார்கள். 2012-ல் நிறுவனம் யூரியா வழிக்குத் திரும்பியது, கம்மின்ஸ் எஞ்சினையும் வாங்கிப் பொருத்தியது. அதே வருஷம் தலைமை அதிகாரி விலகினார். 2011 முதல் 2014 வரையிலான மாடல்களை வாங்கியவர்களுக்காக 2019-ல் 13.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2017-ல் வந்த புது ஏ26 எஞ்சின், ஜெர்மனியின் மான் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது.

இந்தக் கதையில் பெயர்ப்பலகை மாறவே இல்லை, உள்ளே இருக்கிற இரும்பு மாறிவிட்டது. அதனால் "இன்டர்நேஷனல் நல்ல வண்டியா?" என்ற கேள்விக்கே பதில் கிடையாது. எந்த வருஷம், எந்த எஞ்சின் என்று கேட்டால்தான் பதில் உண்டு.

இதற்கு அண்ணன் சொன்ன மறுப்பை இங்கே எழுதியே ஆகணும். "கம்பெனிக்காரனுக்கு நூத்துல ரெண்டு வண்டி நிக்கும். ஒரு வண்டி வெச்சிருக்கிறவனுக்கு அது நூத்துக்கு நூறுடா." உண்மை. ஒற்றை லாரிக்காரனுக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. லாரிப்பேட்டை டீக்கடைப் பேச்சுதான் அவனுடைய புள்ளிவிவரம். அதை நான் கேலி பண்ண மாட்டேன். பல தடவை ஷோரூம் பேச்சைவிட அதுதான் சரியாக இருந்திருக்கிறது. அதன் குறை ஒன்றுதான்: அது பெயரை ஞாபகம் வைக்கும், வருஷத்தை மறந்துவிடும். கம்பெனி பத்து வருஷம் முன்னால் திருத்திய தப்பு அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பத்து வருஷம் முன்னால் சம்பாதித்த நல்ல பெயரில் இன்றைய மோசமான மாடலும் விற்கும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

எங்கள் வண்டியில் கம்பெனி மேல் நான் வைக்கும் குற்றம் இப்போது சுருங்கி, ஆனால் கூர்மையாகிவிட்டது. புது அமைப்பை விற்றவர்கள், குவாரி நடைக்கு இது ஆகாது என்று விற்கும்போதே சொல்லவில்லை. முக்கிய ரோட்டில் சென்சார் ஸ்டாக் வைக்கவில்லை. சென்சார் பழுதாவது எந்திரத்தில் நடக்கிறதுதான். பதினொரு நாள் நிறுத்தி வைத்தது அவர்கள் எடுத்த முடிவு.

அதனால் அண்ணனிடம் மூன்று விஷயம் சொன்னேன். அந்தப் பழைய மாடல் செகண்ட் ஹேண்டில் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீங்க. புதுசில் அந்தப் பம்ப்பும் சென்சாரும் மாறியிருக்கா என்று பாகம் எண்ணோடு எழுதி வாங்குங்க. நம்ம ரூட்டில் எந்தெந்த ஊரில் அந்தப் பாகம் இருக்கு என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்க. ஷோரூம் பையன் சொல்வதை எடுத்துக்காதீங்க.

முதல் இரண்டும் தேறிவிட்டது. மூன்றாவதுக்கு அண்ணன் ஆறு ஊருக்குப் போன் போட்டார். நாலில் இருக்கு என்றார்கள். சோலாப்பூரில் "வரவழைச்சுத் தர்றோம்" என்றார்கள். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.