தலைவர் வரலாறும் துதி வரலாறும்

நாடாண்ட தலைவர்களின் வாழ்க்கையை எழுதப் புகுவோர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று துதித்தல், மற்றொன்று உள்ளதை உள்ளவாறு உரைத்தல். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் மறைந்தார். மேசன் லாக் வீம்ஸ் என்பார் அடுத்த ஆண்டிலேயே அவர் வரலாற்றை வெளியிட்டார். சிறுவன் வாஷிங்டன் செரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்டான் என்னும் கதை அந்நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. அதற்கு வேறு சான்று இல்லை. வாய்மையைக் கற்பிக்கப் பொய் ஒன்று புனையப்பட்டது! புனைந்தவரோ எப்பிஸ்கோப்பல் சபையின் குருவானவர். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 1799இல் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் தமக்கு உரியவர்களை விடுவிக்குமாறு அவர் தம் உயிலில் எழுதிவைத்தார். செரி மரக் கதையை அறிந்த நம் மாணவர் இதனை அறியார்.

இது அயலார் குறை மட்டுமன்று. ஆபிரகாம் லிங்கன் தம் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் நம் பள்ளி விழாக்களிலும் பிரசங்கங்களிலும் வாசிக்கப்படுகிறது. லிங்கனின் எழுத்துகளைத் திரட்டி 1953 முதல் 1955 வரை வெளியிட்ட தொகுப்பில் அக்கடிதம் இல்லை. கருத்து நல்லது என்பதனால் கையொப்பம் மெய்யாகிவிடாது.

நம் நாட்டுத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போதும் இவ்வாறே நேர்கிறது. திருவண்ணாமலைக்கு முதல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் வந்தார் எனப் பெருமையோடு சொல்வோர் உளர். அவர் ரமணாசிரமத்திற்கு வந்தது 1938 ஆகஸ்டில். ஜம்னாலால் பஜாஜுடன் காந்தியடிகளின் தொண்டராக வந்தார். பதவி ஏற்றதோ 1950இல். பதவியின் ஒளியைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னோக்கிப் பாய்ச்சுவதால் வந்தவரின் தேடல் மறைந்து, வந்த இடத்தின் பெருமையே எஞ்சுகிறது.

டாக்டர் இராதாகிருஷ்ணன் வரலாறு நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. செப்டம்பர் 5ஆம் நாள்தோறும் நம் நிறுவனங்களில் ஒரு செய்தி தவறாமல் ஒலிக்கும்: அவர் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் ஊரீசுக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார் என்பது. உண்மையே. ஆயினும் அவ்விடங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதம் தம் உள்ளத்தைப் புண்படுத்திற்று என்றும், மிஷனெரிமாரின் கண்டனமே தம்மை வேதாந்த ஆராய்ச்சிக்குத் தூண்டிற்று என்றும் அவரே எழுதியுள்ளார். வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டிற்கு விடையாகவே அவர்தம் முதுகலை ஆய்வுரை 1908இல் நூலாயிற்று. அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் அதனைப் பாராட்டினார். இம்மாணவரை நம்மவர் எனக் கொண்டாடுவோர் அப்புண்ணையும் நம் கணக்கில் எழுதவேண்டாமா? பெருமையை ஏற்றுப் பழியை விலக்குவது வரலாறு ஆகாது.

இங்கு அவர் மகன் சர்வபள்ளி கோபால் 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு நமக்குப் பாடமாகிறது. நேருவின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய வரலாற்றறிஞர் இவர். தந்தையின் கல்வியையும், அரசாங்கத்தின் திறமையின்மையை 1967ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டிய உரையில் கண்டித்த துணிவையும் போற்றத் தெரிந்தவர். எனினும் தந்தையின் மணவாழ்வில் நேர்ந்த ஒழுக்கக் குறையையும் அவர் மறைக்கவில்லை.

மகன் இவ்வாறு எழுதலாமோ என்று கேட்பர் சிலர். நோவாவின் நிர்வாணத்தை மூடிய சேமும் யாப்பேத்தும் வாழ்த்தப்பட்டனரன்றோ என்பர். இவ்வினாவை எளிதாகத் தள்ளுதல் தகாது. ஆனால் ஒன்று நோக்கற்பாலது: மைந்தர் மூடினர், ஆதியாகமமோ எழுதி வைத்தது. அந்நூல் கண்டிப்பது வெளியே சென்று பறைசாற்றிய காமின் செயலை. நிகழ்ந்ததைப் பதிவு செய்தலையன்று. தாவீதின் பாவத்தை 2 சாமுவேல் மறைத்திருப்பின் நாத்தானின் சொல்லும் நமக்குக் கிட்டியிராது. கோபாலின் நூலில் ஏளனம் இல்லை. துயரத்தின் மேல் பழி தீர்க்கும் இன்பமும் இல்லை. ஆகவே அவர் காமின் வழியினர் அல்லர் என்பதே நம் துணிபு. வாழ்ந்திருந்த தாயின் துன்பத்தை மறைத்துத் தந்தைக்கு மாலை சூட்டுவதைவிட இது நேர்மையான மரியாதை.

குறையைச் சொன்னதால் இராதாகிருஷ்ணன் சிறுத்துவிடவில்லை. ஆக்ஸ்போர்டில் கீழ்த்திசைச் சமயங்களைக் கற்பித்த பேராசிரியரும், 1962 முதல் 1967 வரை நாட்டின் தலைவராய் இருந்தவரும் அவரே. சிறுப்பது நம் துதியுரைகள்தாம். ஆதலின் ஒரு தலைவரைப் பற்றிப் பேச எழும் குருமாரும் ஆசிரியரும் முதலில் மூன்றினை வினவுவார்களாக: இச்செய்திக்குச் சான்று யாது? நாம் விட்டுவிட்டது யாது? விட்டதனால் பயன் பெறுவோர் யாவர்? இறுதி வினாவிற்கு விடை பெரும்பாலும் மறைந்த தலைவராய் இராது. பேசுகின்ற நாமாகவே இருக்கும்.