"அன்பைக் காட்டு": சுவீடிய நங்கை ஒருத்தியின் பொப்பிசைப் பாடல்

இசையையும் இலக்கியத்தையும் ஆராயப் புகுவோர் பெரும்பாலும் காலத்தால் முதிர்ந்தவற்றையே எடுத்துக்கொள்வர். அவை பலராலும் மதிக்கப்பெற்றவை. அவற்றைப் புகழ்வதில் இடர் ஒன்றும் இல்லை. சந்தைக்கென ஆக்கப்பெற்று, வானொலியிற் சில திங்கள் ஒலித்து, பின்பு மறக்கப்படும் பொப்பிசைப் பாடல்களை ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கருதுவோர் மிகச் சிலரே. ஆயினும் நம் மாணவர் நாள்தோறும் செவிமடுப்பன இத்தகைய பாடல்களேயாம். அவர் விரும்புவதை இகழ்ந்து ஒதுக்குதல் எளிது. அதனுள் நல்லது யாது, குறையுடையது யாது எனப் பகுத்துக் காட்டுதலே ஆசிரியர்க்கும் திறனாய்வாளர்க்கும் உரிய கடனாகும். அக்கடனைக் கருதி, சுவீடன் நாட்டுப் பாடகி றொபின் என்பாரை இளமையிலேயே உலகறியச் செய்த 'ஷோ மீ லவ்' என்னும் பாடலை ஈண்டு ஆராய்வாம். 'எனக்கு அன்பைக் காட்டு' என்பது அத்தலைப்பின் பொருள்.

றொபின் 1979ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி ஸ்டொக்ஹோம் நகரிற் பிறந்தவர். பெற்றோர் ஊர்தோறும் சென்று நாடகம் நடத்திய குழுவினர்; ஆதலின் மேடை அவர்க்குச் சிறுபராயத்திலேயே பழக்கமாயிற்று. அவருடைய முதல் இசைத்தொகுப்பு 1995இற் சுவீடனில் வெளிவந்தது. அது 1997இல் ஐக்கிய அமெரிக்காவிற்குச் சென்றபோதே அவருடைய பெயர் பரந்து விளங்கிற்று. 'டூ யூ நோ' என்னும் பாடலும், அதனையடுத்து வந்த 'ஷோ மீ லவ்' என்னும் பாடலும் அவ்வாண்டில் அந்நாட்டின் பில்போர்ட் பட்டியலில் ஏழாம் இடத்தை எய்தின. பின்னையது 1998இற் பிரித்தானியாவில் எட்டாம் இடம் பெற்றது. அமெரிக்கா இப்பாடல்களைக் கேட்ட ஆண்டில் றொபினுக்கு அகவை பதினெட்டே நிரம்பியிருந்தது.

இப்பாடலை எழுதியோர் றொபினும் மக்ஸ் மாட்டினும் ஆவர். ஒலிப்பதிவை ஆக்கியோர் டெனிஸ் பொப், மக்ஸ் மாட்டின் என்னும் இருவர். இவ்விருவரும் ஸ்டொக்ஹோமில் 1992இல் நிறுவப்பெற்ற கெய்ரன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தைச் சேர்ந்தோர். டெனிஸ் பொப், ஆடற்கூடங்களில் இசைத்தட்டுகளைச் சுழற்றும் தொழிலிலிருந்து இத்துறைக்கு வந்தவர். எந்த ஒலி மக்களை ஆடச் செய்யும், எந்த ஒலி அவரை இருக்கைக்கு அனுப்பும் என்பதைக் கண்ணாற் கண்டு கற்றவர். மக்ஸ் மாட்டினோ சுவீடனில் ஊராட்சிகள் பொதுப்பணத்தால் நடத்தும் இசைப்பள்ளியிற் பயின்றவர். தம் உயர்வுக்கு அப்பொதுக் கல்வியே காரணம் எனப் பிற்காலத்திற் பலமுறை நன்றியுடன் நினைவு கூர்ந்தவர். சின்னஞ்சிறு நாடொன்று உலக இசைச் சந்தையிற் பெற்ற பேரிடத்துக்கு, வணிகத் திறனோடு இத்தகைய பள்ளிகளும் ஏதுவாயின என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இப்பாடலுக்கு எதிராகக் கூறத்தக்க முதற் குற்றச்சாட்டினை நோக்குவாம். பலர் கூடி, பொறிகளின் துணைகொண்டு, விற்பனையைக் கருதிச் செய்த பண்டம் இது. இதில் உள்ளத்து உணர்ச்சிக்கு இடமேது என வினவுவாரும் உளர். அவர் கூற்று முற்றும் பொருந்துமாறில்லை. சிற்பியும் பலரோடு கூடியே கோயில் எடுத்தான். கூத்தனும் கூலி பெற்றே ஆடினான். ஒரு பொருள் எக்காரணம் பற்றி ஆக்கப்பட்டது என்பது ஒன்று. ஆக்கப்பட்ட பின் அது யாதாயிற்று என்பது பிறிதொன்று. முன்னையது வரலாற்றாசிரியன் வினா. பின்னையதே திறனாய்வாளன் வினா. ஆகவே பாடலையே நோக்கி விடை காண்போம்.

பாடலின் தொடக்கத்திற் பேசுபவள் காதலிற் கரைந்துருகும் பேதையல்லள். தனக்குச் செருக்கு மிகுதி என்றும், பிறரைச் சாராது நிற்கும் இயல்பு வரம்பு கடந்தது என்றும் ஊரார் தன்னைப் பற்றிக் கூறிவந்ததை முதலில் எடுத்துரைக்கிறாள். அதனை அவள் மறுக்கவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை. தன் பொருட்டு ஒருவன் வாழ முற்படும்வரை அவன் பொருட்டுத் தான் வாழ்வதில்லை என்னும் உறுதியை அடுத்து உரைக்கிறாள். பின்னரே தான் எதிர்பாராத அன்பைக் கண்டடைந்த வியப்பு வருகிறது. அவ்வியப்பின் உச்சியிலும் அவள் தன்னை மறந்தாளல்லள். 'நீ கூறுவதை நம்பினேன்' என்று முடியவேண்டிய இடத்தில், 'அன்பைக் காட்டு' என்னும் ஏவல் எழுகிறது. இந்த ஒரு திருப்பத்திலேயே பாடலின் உயிர் தங்கியுள்ளது என்பது எம் கருத்து.

இவ்வேவல் தற்செயலாக அமைந்தது எனக் கூறுதற்கில்லை. 1995இற் சுவீடனிற் புகழ்பெற்ற அவருடைய பாடலின் தலைப்பு, என்னை மெய்யாகவே விரும்புகிறாயோ என வினவி, மதிப்பைக் காட்டு என அடைப்புக்குறிக்குள் ஆணையிடுகிறது. அதனையடுத்துக் குறித்த 'டூ யூ நோ' என்பதன் தலைப்போ, அன்பிற்கு வேண்டுவது யாதென அறிவாயோ என வினவுகிறது. மூன்றாவதாகிய இப்பாடலில் வினா மறைந்து ஏவல் மட்டுமே எஞ்சுகிறது. மூன்றையும் ஒருசேர வைத்துக் காண்பார்க்கு ஒரு வளர்ச்சி புலனாகும். சொல்லைக் கேட்டு மகிழ்தல் வேறு; செயலைக் கண்டு தெளிதல் வேறு என்பதை உணர்ந்த இளம் பெண்ணொருத்தியின் குரல் இம்மூன்றிலும் படிப்படியே தெளிவடைகிறது.

நம் இலக்கண நூலார் காதலை ஒருதலையாய கைக்கிளை எனவும், ஒத்த அன்பாகிய ஐந்திணை எனவும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணை எனவும் வகுத்தனர். அவ்வளவைகொண்டு நோக்கினால் இப்பாடல் நிற்கும் இடம் தெளிவாகும். பொப்பிசைப் பாடல்களுட் பெரும்பாலன கைக்கிளையின் பாற்படுவன. ஏங்குவார் ஏங்க, ஏங்கப்படுவார் வாளா இருப்பர். இப்பாடலிற் பேசுபவளோ கைக்கிளையில் நிற்க ஒருப்படாதவள். ஒப்புமை உண்டென்பதற்குச் சான்று காட்டப்பெறும்வரை அவள் வாயிலிலேயே நிற்கிறாள். அவள் வேண்டுவது பரிசிலுமன்று, இரக்கமுமன்று, நிகர்மை ஒன்றேயாம். காதற்பாடல் என்னும் பழகிய சட்டகத்துள் இந்நிகர்மை வேட்கையை வைத்தமையே இப்பாடலின் தனிச் சிறப்பு.

இசையமைப்பும் இப்பொருளுக்குத் துணை நிற்கிறது. பாடலின் நடை மிக விரைந்ததுமன்று, மிகத் தாழ்ந்ததுமன்று; அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆர் அன்ட் பீ இசையின் தாளத்தைத் தழுவியது. சரணங்களில் றொபினின் குரல் ஏறத்தாழ உரையாடற் பாங்கிலேயே செல்கிறது. பல்லவி வந்தவுடன் குரல் மேலெழும். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று அவ்வேவலைத் தாங்கும். தனியொருத்தியின் மனத்துள் இருந்த கோரிக்கை பல்லவியிற் பலர் கூடி எழுப்பும் முழக்கமாகிறது. கேட்போர் ஒருமுறை கேட்டு மறுமுறை உடன்பாடும் வண்ணம் இதனை அமைத்தமை கெய்ரன் கூடத்தாரின் கைவண்ணம். ஆயினும் அடுக்கிய குரல்களுக்கிடையே முன்னிற்கும் அக்குரலிற் சிறிது கரகரப்பும், குழையாத உரமும் உண்டு. அவை பொறியாற் செய்யப்பட்டனவல்ல; பாடுவார்க்கே உரியன.

குறைகளையும் மறையாது கூறுதல் வேண்டும். காதலைக் கண்டடைந்த மகிழ்ச்சியைக் கூறும் அடிகள் மிகவும் பொதுமையானவை. உலகைச் சுற்றிவரச் செய்யும் அன்பு என்னும் கருத்து எவர் பாடலிலும் அமையத்தக்கது. அவ்வடிகளிற் கண்ணாற் காணத்தக்க பொருளோ, இடமோ, பொழுதோ இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் எழுதியமையாற் சொற்கள் பொருளின் நுட்பத்தைக் காட்டிலும் ஓசையின் இயைபு பற்றியே தெரிந்தெடுக்கப்பட்டன போலும். எனினும் இக்குறையே ஓரிடத்திற் குணமாயிற்று. வேற்றுமொழியாளர் சிறு சொற்களையே நம்பினர்; அதனால் மூன்றே சொல்லாலாகிய அத்தலைப்பு மொழியெல்லை கடந்து எவர்க்கும் விளங்கலாயிற்று.

பாடலின் ஆற்றலுக்குச் சுவீடனிலேயே பிறிதொரு சான்றும் உண்டு. லூக்காஸ் மூடிசன் என்னும் நெறியாளர் 1998இல் ஒரு திரைப்படத்தை வெளியிட்டார். ஓமோல் என்னும் சிறு நகரிற் பள்ளிப்படிப்பிலிருக்கும் இரு மாணவியர், ஊராரின் ஏளனத்துக்கிடையே தம்முள் எழுந்த காதலை ஒளியாது உலகுக்கு அறிவித்தலே அதன் கதை. அப்படத்தின் முடிவுப் பகுதியில் றொபினின் இப்பாடல் ஒலிக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அப்படத்திற்குப் பாடலின் பெயரே பெயராயிற்று. வணிகம் கருதி ஆக்கிய பாடலில், பேச அஞ்சும் இளையோர்க்கு உரிய துணிவினை ஒரு கலைஞர் கண்டெடுத்தார். கருத்தில்லாத வெற்றொலியாயின் இவ்வாறு பிறிதொரு கலைப்படைப்பின் முடிவைத் தாங்கி நிற்றல் இயலுமோ?

பாடல் வென்றபின் நிகழ்ந்தவற்றையும் ஒருவாறு கூறுவாம். டெனிஸ் பொப் 1998ஆம் ஆண்டு ஓகத்து 30ஆந் திகதி, 35 வயதிற் புற்றுநோயாற் காலமானார். அவ்வாண்டிலேயே மக்ஸ் மாட்டின் எழுதிய பாடலொன்று பிரிட்னி ஸ்பியர்ஸ் என்னும் அமெரிக்கச் சிறுமியை உலகப் புகழில் ஏற்றிற்று. அவ்வழி றொபினுக்கும் திறந்தே இருந்தது. அவரோ 1999இல் வெளியிட்ட இரண்டாந் தொகுப்பிற் கருக்கலைப்புப் பற்றிய தம் சொந்த அனுபவத்தையும் பாடினார். அமெரிக்கப் பதிப்பாளர் மாற்றங்களை வேண்டினர், அவர் இணங்கவில்லை, அத்தொகுப்பு அந்நாட்டில் வெளிவரவில்லை. பின்பு 2005இற் கொனிச்சிவா என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தாமே தொடங்கினார். அவ்வுரிமையோடு பாடியவற்றுள் ஒன்று 2007இற் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது; 2010இல் வெளிவந்த 'டான்சிங் ஒன் மை ஓன்' அவருடைய பெரும் புகழுக்கு நிலைக்களனாயிற்று. அவ்வாண்டிலேயே மக்ஸ் மாட்டினோடு மீண்டும் ஒரு பாடல் ஆக்கினார் என்பதும் அறியத்தக்கது. அவர் விலகியது பழைய கூட்டாளியிடமிருந்தன்று. தமக்கென ஒரு சொல் இல்லாத நிலையிலிருந்தேயாம்.

பிற்கால வாழ்வைக்கொண்டு முற்காலப் பாடலுக்குப் பெருமை ஏற்றுதல் நேர்மையோ எனின், அன்று. றொபின் 1997இலேயே பாடுவதை விட்டொழிந்திருப்பினும், நிகர்மையை வேண்டிய அக்குரல் பாடலினுள் இருந்தவாறே இருக்கும். ஆயினும் அவருடைய வாழ்வு ஓருண்மையைத் தெளிவிக்கின்றது. ஊரார் செருக்கு எனக் கூறியதைத் தன் நிலை எனக் கொண்ட அப்பெண், பாடலுக்கெனப் புனைந்த பாத்திரம் மட்டுமல்லள். காதலனை நோக்கிக் கேட்ட அதனையே அவர் பின்னர்த் தம் தொழிலுலகை நோக்கியும் கேட்டார்: சொல்லாற் புகழாதீர், செயலால் மதியுங்கள்.

இதனின்று நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பட்டியலில் ஏழாம் இடம் பெற்றமையால் ஒரு பாடல் நன்றாகிவிடாது. பட்டியலில் இடம் பெற்றமையாலேயே அது தீதாகியும் விடாது. கூடமும் பொறியும் சந்தையும் சேர்ந்து ஒரு சட்டகத்தை ஆக்கலாம். அதனுள் நின்று மெய்யான ஒன்றை வேண்டும் குரல் ஒன்று வந்தாலன்றி அச்சட்டகம் வெறுமையே. 'ஷோ மீ லவ்' பெரும் காவியமன்று; சொல்வளம் குன்றிய சிறு பாடலே. எனினும் அன்பு என்பது கூறப்படுவதன்று, காட்டப்படுவது என்னும் உண்மையை, அதனை அறியவேண்டிய இளம் பருவத்தார்க்கு, அவர் விரும்பிக் கேட்கும் ஓசையிலேயே அது உணர்த்திற்று. அவ்வளவு செய்த பாடலை ஆராயத் தகாதது என ஒதுக்குதல் திறனாய்வுக்கு அழகன்று.