எலிக்கு மஞ்சள், அண்ணனுக்கு மாத்திரை

திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு ஃபைப்ரோசிஸ். நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய். போன வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, "மஞ்சள்ல சரியாயிடும்னு நம்ம சென்னையிலயே கண்டுபிடிச்சாங்களாமே தம்பி, மாத்திரையை நிறுத்திடவா?" என்றார்.

"நிறுத்தாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு, 2000-இல் வெளியானது. எலிகளின் மூச்சுக்குழாயில் பிளியோமைசின் செலுத்தி நுரையீரலைப் புண்ணாக்கினார்கள். கிலோவுக்கு 300 மில்லிகிராம் குர்குமின் கொடுத்ததில் அழற்சியும் கொலாஜனும் குறைந்தன.

ஆய்வில் குறை இல்லை. அதை மருந்துச்சீட்டாக வாசிப்பதில்தான் குறை. குர்குமினைத் தொடங்கியது காயத்துக்குப் பத்து நாள் முன்பே! அண்ணனுக்குத் தழும்பு விழுந்த பிறகுதானே நோயே தெரிந்தது? ஒரு தடவை பிளியோமைசின் வாங்கிய எலிக்குத் தழும்பு பெரும்பாலும் தானாகவே ஆறத் தொடங்கும். அண்ணனுக்கு இருக்கிற வகை கூடிக்கொண்டே போகும். மஞ்சள்தூளிலோ குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதையும் குடல் சரியாக உறிஞ்சாது.

பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் இதே மாதிரி விலங்குச் சோதனையில் தேறியவைதான். ஆனால் மனிதர்களிடமும் சோதித்த பிறகே 2014-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அவையும் நோயின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தா ஒண்ணு மட்டும் கேளுங்க: மருந்து கொடுத்தது காயத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?

அண்ணன் மாத்திரையைத் தொடர்கிறார். மஞ்சள், ரசத்தோடு சரி.