எண்ணூர்க் கழியும் ஒரு பாட்டும்

கதை சொல்லிச் சமுதாயத்தைத் திருத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்னும் இலக்கிய வகைகளைத் தமிழுக்குத் தந்தவர்கள் நம் முன்னோர். ஒருவர் இராகமிட்டு வாசிக்க, எழுத்தறியாதவரும் உடனிருந்து கேட்டுப் பொருளுணர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொண்டியிலிருந்து வந்து வடசென்னையில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் இன்றும் எளிய மக்களின் நாவில் நிற்கின்றன. அன்று திண்ணையும் தைக்காவும் செய்த பணியை இன்று கைப்பேசித் திரை ஏற்றிருக்கிறது. அத்திரையில் ஓடும் கதைகளையும் இலக்கியத்தை எடைபோடுவது போலவே எடைபோட வேண்டும் என்பது நம் கருத்து. ஈண்டு திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் பிறந்த ஒரு படைப்பை எடுத்துக்கொள்வோம்.

பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழியில் கலந்து கடலை அடைகிறது. வடக்கே பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காட்டு ஏரியுடன் இக்கழிக்குத் தொடர்புண்டு. மீனவர் வலை வீசவும், இருளர் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கவும் இடந்தந்த நீர்ப்பரப்பு இது. இதன் கரைகளில் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. குழாய்களிலிருந்து கசிந்த சாம்பற் குழம்பு கழியின் ஆழத்தைத் தூர்த்தது. இவையெல்லாம் ஆய்வறிக்கைகளில் எழுதப்பட்டிருந்தும், சென்னை நகரத்தார் பலர் அறியாதிருந்தனர்.

2017 ஜனவரியில் யூடியூபில் 'சென்னை பொறம்போக்கு பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா பாடினார். பண்பாட்டுத் துறையில் அனைவரையும் உள்ளடக்கும் முயற்சிக்காக 2016ஆம் ஆண்டின் மகசேசே விருதைப் பெற்றவர் கிருஷ்ணா. சபா மேடையில் அமர வேண்டிய பாடகரும் பக்கவாத்தியக்காரரும் கழியோரத்தில் அமர்ந்திருக்க, அவர்கள் பின்னே ஆலைகள் நிற்கும் காட்சியே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

இப்பாட்டின் உயிர் ஒரு சொல்லில் இருக்கிறது. புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறம்பாய் விடப்பட்ட பொதுநிலம். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்று ஊர்க் கணக்கில் அதற்கு மதிப்புடைய இடமுண்டு. தனியொருவர்க்கு உரியதாகாமல் ஊரார் அனைவர்க்கும் பயன்பட்டதே அதன் சிறப்பு. அச்சொல் நாளடைவில் வசைச்சொல்லாயிற்று. உரிமையாளர் இல்லாத நிலத்தை இழித்த நாக்கு, உடைமை இல்லாத மனிதனையும் அதே சொல்லால் இழித்தது. வசையைத் திருப்பி வாழ்த்தாக்கும் இம்முயற்சி, நூறு சொற்பொழிவுகள் செய்யாத வேலையைச் செய்தது. சென்னையின் பேச்சுத் தமிழை ஆனந்தபைரவி, பேகடா போன்ற இராகங்களில் அமைத்ததும் குறிப்பிடத்தக்கது. தாழ்ந்ததென ஒதுக்கிய மொழிக்கு உயர்ந்ததெனப் போற்றிய இசையில் இடம் கிடைத்தது. பாட்டின் பொருளும் வடிவமும் ஒன்றாயின.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலாது. பாடும் குரல் கழியோரத்தாருடையது அன்று. அவர்களுக்காக மற்றொருவர் பேசுகிறார். நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார், எனினும் பாட்டு முடிந்தபின் நம் நினைவில் நிற்பது பாடகரின் முகமே.

இதனோடு 2015 ஜூலையில் வெளிவந்த மற்றொரு படைப்பை ஒப்பிடுவோம். கொடைக்கானலின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அங்கு உழைத்து நலங்குன்றியோருக்காகச் சோபியா அஷ்ரப் என்னும் சென்னை இளம்பெண் ஆங்கிலத்தில் சொல்லிசைப் பாடல் ஒன்றைப் பாடினார். அது உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு செய்துகொண்டது. நம் சமுதாயத்துப் பெண்ணொருத்தியின் குரல் அவ்வளவு தூரம் எட்டியது நமக்குப் பெருமையே. ஆனால் பாட்டு ஒன்றே வெற்றி தந்தது என்று எழுதுவோர் உண்மையைக் குறுக்குகின்றனர். தொழிலாளர்கள் 2006 முதல் சென்னை உயர்நீதிமன்றப் படியேறிக் காத்திருந்தனர். அவர்கள் வளர்த்த நெருப்பைப் பாட்டு ஊதிவிட்டது. நெருப்பே இல்லாத இடத்தில் ஊதுவதால் என்ன பயன்?

இனி இதே திரையின் மறுபக்கத்தையும் காண்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் பலர் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுகின்றனர் என்னும் காட்சிகள் பரவின. அவற்றுள் சில வேற்று மாநிலத்தில் நிகழ்ந்தவை. சில தொடர்பற்ற பழைய பூசல்கள். தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் எத்தனை தாய்மார் ஊரில் கலங்கியிருப்பர்! பொய்க் காட்சியும் ஒரு கதைதான். அதற்கும் நாயகன் உண்டு, கண்ணீர் உண்டு, வேகம் உண்டு. உண்மை ஒன்றுதான் இல்லை.

இவ்வலியை நாம் நன்கறிவோம். 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீனில் கூடியவர்களை வைத்து, கொரோனாவைப் பரப்பியது ஒரு சமுதாயமே என்று கதை கட்டப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள் மீதான வழக்குகளை நீக்கியபோது, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டதைச் சுட்டியது. தீர்ப்பு வருமுன் எத்தனையோ காய்கறி வணிகர் தெருவில் தம் பெயரைச் சொல்ல அஞ்சினர்.

ஆகவே இக்கதைகளை மதிப்பிட நமக்கென ஓர் அளவுகோல் வேண்டும். அது நம்மிடமே இருக்கிறது. ஹதீஸ் கலையில் செய்தியை மட்டும் நோக்குவதில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த பின்னரே ஏற்கின்றனர். அக்கலையைப் போற்றும் இல்லங்களிலேயே, எங்கிருந்து வந்ததென்று கேளாமல் ஒரு காட்சியை நாற்பது பேருக்கு அனுப்பும் விரல்கள் இருப்பது வருந்தத்தக்கது.

அளவுகோலின் மறுபாதி, கதைக்கு உரியவர் எங்கே நிற்கிறார் என்பது. மீன் விற்கும் தாயின் மகனாகிய புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், கடலோர மக்களையும் தூய்மைப் பணியாளரையும் படமெடுத்து 'பாரி' இணையத்தளத்தில் வெளியிட்டு வருகிறார். அதனோடு நில்லாமல், விளிம்புநிலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்பிக்கிறார். 'பொறம்போக்கு' பாட்டில் நாம் கண்ட குறைக்கு விடை இங்கிருக்கிறது. பிறர் படத்தில் நின்ற பிள்ளை தானே கருவியைக் கையில் ஏந்தும்போது, இரக்கத்துக்குரிய பொருளாக இருந்தவன் கதைக்கு ஆசிரியனாகிறான்.

பழவேற்காட்டிலும் பொன்னேரியிலும் நம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கைப்பேசிகள் உள்ளன. அடுத்த தெருவில் இறால் தேடும் இருளர்ப் பெண்ணிடமும், ஆலை வாயிலில் நிற்கும் ஒடிசா இளைஞனிடமும் சென்று, "உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள்" என்று கருவியைக் கொடுக்க அப்பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டும். கிஸ்ஸா மரபின் வாரிசுகளுக்கு இஃது அரிய செயலன்று.